மொரீசியஸ் பேக்கேஜ்: தருமபுரியிலிருந்து போகிறவர்கள் எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

தருமபுரி நான்கு ரோடு பக்கம் வெளிநாட்டுச் சுற்றுலா விற்கும் அலுவலகங்களுக்கு இப்போது குறைவில்லை. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, துபாய் என்ற வழக்கமான வரிசையோடு அண்மைக் காலமாக அவற்றின் கண்ணாடிக் கதவுகளில் மொரீசியஸும் ஏறியிருக்கிறது. உறவினர்களும் பழகியவர்களுமாகச் சேர்ந்து அப்படியொரு பேக்கேஜில் போய் வந்தோம். விமானக் கட்டணம், நடுத்தர விடுதி, காலை உணவு, இரவு உணவு, ஊர் சுற்ற வேன், சில இடங்களுக்கு நுழைவுச் சீட்டு எல்லாம் அடக்கம்; தலைக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிய தொகை. ஏற்பாட்டாளரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. விசாரித்த வரையில் பெரும்பாலான நிறுவனங்கள் ஏறக்குறைய இதே நிரலைத்தான் வேறு வேறு அட்டையில் விற்கின்றன என்பதால், நிறுவனத்தைவிட நிரலை மதிப்பிடுவதே வாங்குபவருக்கு உதவும்.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாடு கொடுத்த பணத்துக்கு மேலேயே தருகிறது. பேக்கேஜ் அதில் பாதியைத்தான் காட்டுகிறது, அதுவும் நமக்கு அவ்வளவாகத் தேவைப்படாத பாதியை. மொரீசியஸின் மொத்தப் பரப்பு சுமார் 2,040 சதுர கிலோமீட்டர், அதாவது தருமபுரி மாவட்டத்தில் பாதிகூட இல்லை. இவ்வளவு சிறிய நாடுதானே, எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்ற எண்ணத்தை அலுவலகத்திலேயே நம் மனத்தில் ஏற்றிவிடுகிறார்கள். ஆனால் எரிமலையால் உண்டான அந்தத் தீவின் நடுவில் மேட்டுநிலமும் மலைகளும் இருக்கின்றன. சாலைகள் குறுகலானவை, வளைந்து வளைந்து போகின்றன. தலைநகர் போர்ட் லூயிஸின் காலை நேர நெரிசலில் வேன் நகராமல் நின்றால் அரை நாள் போய்விடும். தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிட்டு நிரல் போட்டவர்கள் இதைக் கருதியதாகத் தெரியவில்லை.

அலுவலகச் சுவரில் இருந்த பெரிய படத்திலிருந்து தொடங்குவது நியாயம், ஏனென்றால் எங்களில் பலரை முன்பணம் கட்ட வைத்தது அந்தப் படம்தான். நீலக் கடலுக்குள்ளேயே ஓர் அருவி ஆழத்தை நோக்கி விழுவது போன்ற காட்சி அது. தென்மேற்கு முனையில் லெ மோர்ன் மலைக்கு அருகே கடலடியில் தெரியும் அந்தத் தோற்றம் உண்மையில் அருவி அன்று. தீவைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலடித் திட்டின் விளிம்பு அங்கே சட்டென்று ஆழ்கடலுக்குள் இறங்குகிறது. அலைகளும் நீரோட்டமும் மணலையும் வண்டலையும் அந்த விளிம்பைத் தாண்டி இழுத்துச் செல்வதால், மேலிருந்து பார்க்கிறவருக்குத் தண்ணீரே விழுவது போலத் தெரிகிறது. ‘மேலிருந்து’ என்பதில்தான் வணிகம் இருக்கிறது. கரையில் நின்றால் அது தெரியாது. ஹெலிகாப்டரிலோ சிறு விமானத்திலோ ஏற வேண்டும், அதற்கான கட்டணம் பேக்கேஜில் இல்லை. அங்கே போன பிறகு ஒரு குடும்பத்துக்குச் சொல்லப்பட்ட ஹெலிகாப்டர் கட்டணத்தைக் கேட்டு யாரும் ஏறவில்லை. சுவரில் ஒட்டும் காட்சி விலைக்குள் அடங்குமா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அந்தப் படத்தை மறந்துவிட்டுப் பார்த்தால் லெ மோர்ன் மலையே போதும். 556 மீட்டர் உயரத்தில், கடலை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் கருங்கல் மலை. பண்ணைகளிலிருந்து தப்பிய அடிமைகள் இதன் குகைகளிலும் உச்சியிலும் மறைந்து வாழ்ந்தார்கள். 1835 பிப்ரவரி 1 அன்று அடிமை முறை ஒழிக்கப்பட்ட செய்தியைச் சொல்ல வந்த காவலர்களைக் கண்டு, பிடிக்கத்தான் வருகிறார்கள் என்றெண்ணிப் பலர் உச்சியிலிருந்து குதித்து இறந்தார்கள் என்று அங்கே வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 2008இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இத்தனை இருந்தும் எங்கள் நிரலில் இது வேனிலிருந்து இறங்கிப் படமெடுக்கும் நிறுத்தம் மட்டுமே. தீர்த்தமலை ஏறிப் பழகியவர்களுக்கு இந்த மலையின் கீழ்ப்பாதி ஒன்றும் பெரிய காரியமன்று. மேல்பாதி செங்குத்து, வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது. ஏறி இறங்க அரை நாள் ஒதுக்கினால் போதும். அந்த அரை நாளை எந்தப் பேக்கேஜும் தருவதில்லை.

அடுத்து ஷமரெல். ஒரே வளாகத்துக்குள் அருவியும் ஏழு வண்ண மண்ணும் இருப்பதால் எல்லா நிரலிலும் இது தவறாமல் இருக்கும். அருவியைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை தேவை. சுமார் 100 மீட்டர் என்று சொல்லப்படும் உயரத்திலிருந்து ஒரே வீழ்ச்சியாக, பச்சைப் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் அழகான அருவிதான். ஆனால் அதை எதிர்ப்பக்க மேடையில் நின்று பார்க்கலாம், அவ்வளவே. ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்து அருவியில் தலையைக் கொடுத்து, பரிசலில் ஏறிப் பாறைச் சுவர்களுக்கு இடையே காவிரியின் சாரலை முகத்தில் வாங்கி, கரையில் மீன் வறுவலோடு நாளை முடித்துப் பழகியவர்களுக்கு, கம்பித் தடுப்புக்கு இப்பால் நின்று பார்க்கும் அருவி ஏமாற்றமாகவே இருக்கும். எங்கள் குழுவில் மாற்றுத் துணியோடு வந்தவர்களும் இருந்தார்கள். உயரத்தில் ஷமரெல் வெல்லும். அருவி என்ற அனுபவத்தில் ஒகேனக்கல் பக்கத்தில்கூட அது வராது.

வண்ண மண் அப்படியன்று. அது நம்மிடம் இல்லாத ஒன்று. எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல் வெயிலிலும் மழையிலும் சிதைந்து களிமண்ணாக மாறியிருக்கிறது. கரையக் கூடியவை கரைந்துபோக, இரும்பின் ஆக்சைடும் அலுமினியத்தின் ஆக்சைடும் தங்கிவிட்டன. இரும்பு மிகுந்த இடம் சிவப்பும் பழுப்புமாகவும், அலுமினியம் மிகுந்த இடம் நீலமும் ஊதாவுமாகவும் தெரிகின்றன. புல் பூண்டு முளைக்காத சிறு சிறு மேடுகள், அவற்றின் சரிவுகளில் பட்டை பட்டையாக நிறம். வெயில் இருந்தால்தான் அந்த நிறங்கள் எழும்புகின்றன. மேகம் மூடினால் எல்லாம் ஒரே செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேகம் மூடியிருந்தது. கால் மணி நேரம் பொறுத்திருந்து வெயில் வந்ததும் பார்த்தோம். அதற்குள் பாதிப் பேர் வேனுக்குத் திரும்பி அமர்ந்துவிட்டார்கள். வெளியே நினைவுப் பொருள் கடையில் சிறு கண்ணாடிக் குழாய்களில் இந்த மண்ணை அடுக்கடுக்காக நிரப்பி விற்கிறார்கள். குலுக்கி வைத்தாலும் நிறங்கள் தாமே பிரிந்து படியும் என்று விற்பவர் சொன்னார்; சோதித்துப் பார்க்கும் அளவுக்கு அந்த விலை எனக்குக் குறைவாகத் தோன்றவில்லை. வளாகத்திலேயே இருக்கும் அல்டாப்ரா ராட்சத ஆமைகளைக் குழந்தைகள் விட்டு வர மாட்டார்கள். அந்த மலைச் சரிவில் காப்பியும் விளைகிறது. வத்தல்மலைக் காப்பியைக் குடித்தவர்கள் ஒரு கோப்பை வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஷமரெலை ஒட்டித்தான் பிளாக் ரிவர் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா இருக்கிறது. இந்தப் பேக்கேஜின் மிகப் பெரிய குறை இங்கேதான். 1994இல் அமைக்கப்பட்ட, சுமார் 67 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தக் காட்டில், தீவுக்கே உரிய மரங்களும் பறவைகளும் கடைசியாக ஒதுங்கி நிற்கின்றன. 1598இல் வந்த டச்சுக்காரர்கள் கருங்காலி மரங்களை வெட்டினார்கள். பின்னர் வந்த பிரெஞ்சுக்காரர்களும் 1810இல் தீவைப் பிடித்த ஆங்கிலேயர்களும் கரும்புக்காகக் காட்டை அழித்தார்கள். மனிதரோடு கப்பலில் வந்த எலியும் குரங்கும் பன்றியும் பறவைகளின் முட்டைகளைத் தின்றன. பறக்கத் தெரியாத டோடோ 17ஆம் நூற்றாண்டிலேயே அழிந்தது. மொரீசியஸ் வல்லூறு என்ற சிறு வேட்டைப் பறவையும் அதே வழியில் போயிருக்க வேண்டியது. 1974இல் காட்டில் 4 மட்டுமே இருப்பதாகத் தெரிந்தது. கூண்டில் குஞ்சு பொரிக்கச் செய்து காட்டில் விட்டு, நூற்றுக்கணக்கில் பெருக்கினார்கள். இளஞ்சிவப்புப் புறாவும் இந்தக் காட்டில் அவ்வாறு மீட்கப்பட்ட பறவைதான்.

இவற்றில் ஒன்றையும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சாலையோரக் காட்சி முனையில் வேனை நிறுத்தி, ‘பத்து நிமிடம்’ என்றார் வழிகாட்டி. பள்ளத்தாக்கு முழுவதும் பச்சை, தொலைவில் ஒரு வெள்ளைக் கோடாக அருவி, அதற்கும் அப்பால் கடல். பார்த்துக்கொண்டே இருக்கலாம்தான். ஆனால் காட்டுக்குள் நடப்பதற்கு நல்ல பாதைகள் இருக்கின்றன; ஒரு மணி நேரம் நடந்தாலே சாலையோரத்தில் தெரியாதது தெரியும். எங்களில் சிலர் ஓட்டுநரிடம் தனியாகப் பேசி, வேறொரு நாள் காலையில் வந்து சிறிது தூரம் நடந்தோம். பாதையோரப் புதர்களில் சிவந்த சிறு கொய்யாப் பழங்கள் காய்த்துக் கிடந்தன. உள்ளூர்க் குடும்பங்கள் பை நிறையப் பறித்துக்கொண்டிருந்தன. புளிப்பும் இனிப்புமாக நன்றாகவே இருந்தது. அந்தக் கொய்யாதான் வெளியிலிருந்து வந்து இந்தக் காட்டு மரங்களை முளைக்கவிடாமல் அடைத்து நிற்கும் முதன்மையான பகை என்பதைப் பிறகு படித்தபோது, நம் காடுகளில் உண்ணிச்செடி செய்யும் வேலைதான் நினைவுக்கு வந்தது. உண்ணிச்செடியிலும் பழம் இருக்கிறது. ஆனால் யாரும் பை எடுத்துக்கொண்டு போவதில்லை.

கங்கா தலாவ் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. எரிமலை வாயில் தேங்கிய ஏரி, கரையில் கோயில்கள், 33 மீட்டர் உயரச் சிவன் சிலை. சிவராத்திரிக்கு நாடு முழுவதிலிருந்தும் காவடி போல் அலங்கரித்த சட்டங்களைச் சுமந்து மக்கள் நடந்தே வருவார்கள். சாதாரண நாளில் அமைதியான இடம். குளிரும் காற்றும் உண்டு, பெரியவர்களுக்குச் சால்வை எடுத்துச் செல்லுங்கள்.

இனிக் கடல். நிரலின் பெரும்பகுதி இதற்கே போகிறது. கிழக்குக் கரையிலிருந்து படகில் ஈல் ஓ செர்ஃப் என்ற சிறு தீவுக்கு ஒரு முழு நாள், வடக்குக் கரையில் கடல் விளையாட்டுகளுக்கு இன்னொரு நாள். மலையும் மேடுமான நம் பகுதியிலிருந்து போகிறவர்களுக்குக் கடல் மீது ஆசை இருப்பது இயல்புதான். அந்தக் கடலும் அதற்குத் தகுதியானதுதான். பவளப் பாறைத்திட்டு ஏறக்குறையத் தீவு முழுவதையும் வளைத்து நிற்பதால், பெரிய அலைகள் எல்லாம் வெளியிலேயே உடைந்துவிடுகின்றன. உள்ளே இருப்பது இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீர், அடியில் வெள்ளை மணல். நீச்சல் தெரியாதவர்களும் வயதான பெண்களும் பயமில்லாமல் இறங்கினார்கள். கண்ணாடி அடித்தளப் படகில் மீன்களையும் பவளத்தையும் பார்ப்பதற்குத் தென்கிழக்கில் உள்ள புளூ பே சிறந்த இடம். அது காக்கப்பட்ட கடற்பகுதி, எங்கள் நிரலில் இல்லை.

குறை கடலில் இல்லை, கரையில் நடக்கும் விற்பனையில் இருக்கிறது. பாராசூட்டில் பறத்தல், தலையில் கண்ணாடிக் கூண்டு மாட்டிக் கடலடியில் நடத்தல், வேகப் படகு என ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். வழிகாட்டியே பட்டியலோடு சுற்றி வருகிறார். வேண்டாம் என்றவர்களுக்கு அந்த நாள் முழுவதும் மணலில் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு ஏற்பாடு இல்லை. மொரீசியஸ் ரூபாயின் மதிப்பு நம் ரூபாயைப் போல் இரு மடங்குக்குச் சற்றே குறைவு என்பதை மறந்து, எண்ணை மட்டும் பார்த்துத் தலையாட்டியவர்கள் மாலையில் கணக்குப் பார்த்துத் திகைத்தார்கள். இந்த இரண்டு கடல் நாட்களில் ஒன்றை எடுத்துவிட்டுத் தெற்குக் கரைக்குக் கொடுத்திருக்கலாம். அங்கே கிரி கிரி என்ற இடத்தில் பாறைத்திட்டு விட்டுப்போயிருக்கிறது. தடுப்பில்லாத இந்தியப் பெருங்கடல் நேரே வந்து கரும்பாறையில் மோதுகிறது. கட்டணம் இல்லை, கடையும் அதிகமில்லை. அதனால்தானோ என்னவோ, அது நிரலிலும் இல்லை.

எந்த நிரலிலும் அச்சிடப்படாத ஒரு காட்சி, வேன் சன்னல் வழியாக நாள்தோறும் எங்களுக்குக் கிடைத்தது. கரும்புக் காடுகளின் நடுவே ஆளுயரத்துக்கும் மேலாகக் கருங்கற்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. சில இடங்களில் நீண்ட சுவர் போல, சில இடங்களில் கூம்பாக. கல்லின் மேல் பாசியும் செடியும் ஏறியிருக்கின்றன. சுற்றிக் கரும்பு நெருக்கமாக நிற்கிறது. பாலக்கோடு பக்கம் கரும்பு பயிரிட்டு ஆலைக்கு அனுப்பும் எங்கள் பெரிய மாமா ஒருவர் முதல் நாளே அதைக் கவனித்து, “இந்தக் கல்லையெல்லாம் யாருப்பா பொறுக்குனது?” என்று கேட்டார். ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திச் சொன்னார்: தன் பாட்டன்மார் என்று. எரிமலைக் கல் நிரம்பிய நிலத்தைப் பயிருக்குத் தகுதியாக்க, முதலில் அடிமைகளும் பின்னர் ஒப்பந்தக் கூலிகளும் கையால் பொறுக்கிக் குவித்த கற்கள் அவை. மாமா இறங்கிப்போய் ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். கல்லாங்காட்டைத் திருத்தி உழுத குடும்பத்தில் பிறந்தவருக்கு அதன் எடை விளங்கும்.

அந்தக் கூலிகள் கால் வைத்த இடம் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இன்றும் இருக்கிறது. ஆப்ரவாசி காட் என்று பெயர். அடிமை முறையின் முடிவு நெருங்கியபோது, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடி 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். 1849இல் தொடங்கிய இந்தக் குடியேற்ற முகாம் வழியாக 1920கள் வரை ஏறக்குறைய 5 லட்சம் பேர் கடந்து போயிருக்கிறார்கள். கல்கத்தா, பம்பாயோடு மதராஸ் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் வந்தன. 2006இல் இது உலகப் பாரம்பரியச் சின்னமானது. இப்போது எஞ்சியிருப்பது சிறிய பகுதிதான்: கடலிலிருந்து ஏறும் 16 கற்படிகள், கொட்டகைகளின் அடித்தளம், சமையலிடம், மருத்துவமனைப் பகுதி. படிகள் அகலமில்லாதவை. கப்பலிலிருந்து இறங்கியவர்களைப் பதிவு செய்து, எண் கொடுத்து, எந்தத் தோட்டம் என்று பிரித்து அனுப்பும் வரை இங்கே வைத்திருந்தார்கள்.

எங்கள் நிரலில் போர்ட் லூயிஸ் ஞாயிற்றுக்கிழமைக்குப் போடப்பட்டிருந்தது. அன்று இந்த இடம் பூட்டியிருக்கும். சந்தையும் நண்பகலோடு அடங்கிவிடும். நீர்முகப்புக் கடைவீதியில் எங்களை இறக்கிவிட்டு மாலையில் அழைத்துக்கொண்டார்கள். இது வழிகாட்டியின் தவறன்று, தருமபுரியில் நாட்காட்டியைப் பார்க்காமல் நிரல் போட்டவரின் அலட்சியம். இரண்டாம் கடல் நாளை விட்டுவிட்டு, நாங்கள் சிலர் உள்ளூர்ப் பேருந்தில் திரும்பிப் போய்த்தான் இதைப் பார்த்தோம். நுழைவுக் கட்டணம் இல்லாத இந்த இடம், கட்டணம் கொடுத்துப் பார்த்த அனைத்தையும்விடப் பெரிதாக எனக்குப் பட்டது. நம் மண்ணிலிருந்து போனவர்களின் கதை இது என்பதால் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. அந்தக் கற்குவியல்களையும் கரும்பையும் கோயில்களையும் மக்களின் முகங்களையும் ஒன்றாகப் புரிந்துகொள்ள வைக்கும் இடம் அதுதான். முதல் நாளிலேயே இங்கே அழைத்து வந்தால் மற்ற நாட்கள் வேறு மாதிரி அமையும்.

பாம்ப்லெமூஸ் தாவரத் தோட்டம் நிரலில் இருந்தது, நன்றாகவும் இருந்தது. தாம்பாளம் போல விளிம்பு மடங்கிய அமேசான் அல்லி இலைகளைத்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள். தாளிப்பனைகளையும் தேடிப் பாருங்கள். பல பத்தாண்டுகள் காத்திருந்து ஒரே ஒரு முறை பூத்துவிட்டு மடியும் மரம்.

உணவு விஷயத்தில் ஏற்பாட்டாளர் நம்மைக் கேட்கவே இல்லை. இரவுதோறும் வட இந்திய உணவகம் ஒன்றில் அதே பன்னீர், அதே நான். தெருவோரத்தில் விற்கும் தால் பூரியை வாங்கிச் சாப்பிட்டவர்கள் பிழைத்தார்கள். கடலைப் பருப்பைப் போன்ற மஞ்சள் பட்டாணிப் பருப்பை அரைத்து உள்ளே வைத்த மெல்லிய பூரி. அவரை வகைக் குழம்பும் சட்னியும் தடவி, காகிதத்தில் சுருட்டித் தருகிறார்கள். நம் பருப்பு வடையின் உறவான சிறு வடையும் அங்கே உண்டு. காலையில் ரொட்டிக்குள் வைத்து உண்கிறார்கள், சந்தேகப்படாமல் உண்ணலாம்.

தமிழ் எங்கும் கேட்கும் என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம். பணத்தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது, போர்ட் லூயிஸின் புறத்தே உள்ள சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலில் இருக்கிறது, தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை. வீட்டிலும் தெருவிலும் பேசுவது கிரியோல் மொழி. எங்கள் பெண்கள் பணத்தாளை வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்ததைக் கண்டு கடைக்காரர் சிரித்தார்.

இதே பேக்கேஜை வாங்க நினைப்பவர்கள் முன்பணத்துக்கு முன் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: போர்ட் லூயிஸ் வார நாளில் வர வேண்டும்; தென்மேற்குப் பகுதிக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு நாட்கள் வேண்டும்; இரவு உணவை விலையிலிருந்து கழித்துவிட வேண்டும். ஆறேழு பேர் சேர்ந்து கேட்டால் ஒப்புக்கொள்வார்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு முன்கூட்டியே விசா தேவையில்லை என்பதால், ‘விசா உதவிக் கட்டணம்’ என்று ஏதாவது பட்டியலில் இருந்தால் அதையும் நீக்கச் சொல்லுங்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை அது தென்கோளம். நம் கோடை அங்கே குளிர்காலத்தின் தொடக்கம். மே முதல் நவம்பர் வரை மழை குறைவு. பள்ளி விடுமுறையான மே மாதம் நல்லதுதான், ஆனால் கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் அறுவடையை விட்டு அப்போது வர முடியாது; அவர்களுக்குக் காலாண்டு விடுமுறையை ஒட்டிய செப்டம்பர் கடைசி பொருந்தும். பொங்கல் விடுமுறைக்கு விலை குறைத்துக் கொடுப்பார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலம், விமானம் நின்றால் தங்கும் செலவு யாருடையது என்பதைக் கேட்டுக்கொண்டு, தைப்பூசக் காவடியைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் மட்டும் அப்போது போகலாம்.